எமிலை அவருடைய படையே ஏன் சுட்டது? குடும்பத்தோடு ஆடத்தக்க ஒரு போர் விளையாட்டு குறித்து

வரலாற்றுத் துறையில் ஆய்வு செய்வோரிடம் உறவினரும் நண்பரும் அவ்வப்போது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “இந்த விளையாட்டைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா? இதில் வரலாறு இருக்கிறதாமே?” கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விடைகளில் ஒன்றை எதிர்பார்க்கிறார்கள். ஒன்று, அட்டையில் அச்சிடப்பட்டிருக்கும் வயதெண். மற்றொன்று, “கல்விப் பயனுடையது” என்னும் சான்றிதழ். இவ்விரண்டும் போதாதவை என்பது என் கருத்து. அதனை ஒரு குறிப்பிட்ட விளையாட்டைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். முடிவைச் சொல்லாமல் இவ்விளையாட்டைப் பற்றி வாதிட இயலாது. இன்னும் ஆடாதவர்கள் இதை மனத்திற் கொண்டு மேற்செல்லவும்.

‘வேலியன்ட் ஹார்ட்ஸ்: த கிரேட் வார்’ என்னும் புதிர் விளையாட்டு 2014 ஜூன் மாதம் வெளிவந்தது. உருவாக்கியது பிரான்சின் மோன்பெல்லியே நகரிலுள்ள யூபிசாஃப்ட் கூடம். முதல் உலகப்போரின் நூற்றாண்டு நினைவாண்டு அது. போர்க்களத்திலிருந்து எழுதப்பட்ட கடிதங்களே இக்கதைக்குத் தூண்டுதல் என்று அதனை உருவாக்கியவர்கள் கூறியிருக்கிறார்கள். சித்திரக்கதைப் புத்தகம் போன்ற கைவரைவு ஓவியங்கள், நான்கு அத்தியாயங்கள், ஏழெட்டு மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம். எமில் என்னும் பிரெஞ்சு உழவர், அவருடைய மகள் மரியை மணந்த ஜெர்மானியரான கார்ல், மனைவியைக் குண்டுவீச்சில் இழந்து பிரெஞ்சுப் படையில் சேர்ந்த அமெரிக்கர் ஃபிரெடி, காயமுற்றோருக்கு மருத்துவம் செய்யும் பெல்ஜிய மாணவி அன்னா ஆகிய நால்வரே முதன்மை மாந்தர். இவர்களோடு வால்ட் என்னும் நாயும் உண்டு. போர் மூண்டதும் கார்ல் பிரான்சிலிருந்து வெளியேற்றப்பட்டு ஜெர்மானியப் படையில் சேர்க்கப்படுகிறார். எமில் பிரெஞ்சுப் படைக்கு அழைக்கப்படுகிறார். ஒரே வீட்டின் மாமனாரும் மருமகனும் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கிறார்கள். குடும்பத்திற்கு உகந்ததா என்று நாம் கேட்கும் இவ்விளையாட்டு, ஒரு குடும்பம் சிதறுவதில்தான் தொடங்குகிறது.

என் வாதத்தைச் சுருக்கமாக முன்வைக்கிறேன். இவ்விளையாட்டில் பெற்றோர் அஞ்சும் பகுதிகள்தாம் அதனைக் குடும்பத்திற்கு உரியதாக்குகின்றன. பெற்றோர் “இது குழந்தைகளுக்கானது” என்று நிம்மதியடையும் பகுதிகளில்தான் பெரியவர்களின் கவனம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

முதலில் வயதெண்ணை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1994இலும் ஐரோப்பாவில் 2003இலும் நடைமுறைக்கு வந்த மதிப்பீட்டு முறைகள் குருதி, வசைச்சொல், பாலியல், போதைப்பொருள், சூதாட்டம் போன்றவற்றின் இருப்பையும் அளவையும் பார்க்கின்றன. இந்தியாவில் திரைப்படங்களுக்குச் சான்றிதழ் வாரியம் இருப்பதுபோல் காணொளி விளையாட்டுகளுக்கு ஒன்று இல்லாமையால், செயலிக் கடையில் தெரியும் எண்ணையே நாமும் நம்புகிறோம். அந்த எண் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஆயினும் அது எதைக் காட்டுகிறார்கள் என்பதை மட்டுமே அளக்கிறது. ஆடுபவரின் கை என்ன செய்கிறது, ஒரு மரணத்தின் பிறகு கதை எங்கே செல்கிறது, இறந்தவருக்கு ஒரு பெயர் இருந்ததா என்பன அதன் கணக்கில் வருவதில்லை. குருதியே தெரியாமல் நூறு பேரைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டு குறைந்த வயதெண்ணைப் பெறலாம். ஒரே ஒரு மனிதரின் சாவை நிறுத்தி நிதானமாகக் காட்டும் விளையாட்டு கூடுதல் எண்ணைப் பெறலாம். இரண்டில் எது குழந்தையின் மனத்திற்கு நல்லது என்பதை எண்ணால் சொல்ல இயலாது.

நம் வீடுகளின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2020 செப்டம்பரில் பப்ஜி தடை செய்யப்பட்டதையும், அடுத்த ஆண்டே அதன் இந்திய வடிவம் வெளிவந்ததையும் அறிவோம். இடைப்பட்ட காலத்தில் பிள்ளைகள் போர் விளையாட்டை விட்டுவிடவில்லை. அதேபோன்ற வேறு விளையாட்டுகளுக்கு மாறினார்கள். எனவே “போர் விளையாட்டைக் கொடுக்கலாமா” என்னும் கேள்விக்கு நடைமுறையில் பொருள் குறைவு. அது ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. எத்தகைய போரை அவர்கள் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதே கேட்கத்தக்கது.

வேலியன்ட் ஹார்ட்ஸில் கை என்ன செய்கிறது? எமில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டுச் சமையற்காரராக வேலை செய்கிறார். அவருடைய முதற்கருவி ஓர் அகப்பை. பின்னர் அதனிடத்தை மண்வெட்டி பெறுகிறது. ஆடுபவர் மண்ணைத் தோண்டுகிறார், நெம்புகோலைத் தள்ளுகிறார், கம்பிவேலியை வெட்டுகிறார், இடிபாட்டில் சிக்கியவரை மீட்கிறார். அன்னாவின் பகுதிகளில், திரையில் ஓடும் குறிகளுக்கேற்பத் தாளம் தவறாமல் பொத்தான்களை அழுத்திக் காயத்திற்குக் கட்டுப்போடவேண்டும். தாளம் பிசகினால் சிகிச்சை தடைப்படும். வால்ட் சிறு துவாரங்களில் நுழைந்து பொருள்களை எடுத்து வருகிறது. ஆங்காங்கே வெடிகுண்டு எறிவதும் பீரங்கி இயக்குவதும் உண்டு. முற்றிலும் வன்முறையற்ற விளையாட்டு என்று இதனைக் கூறினால் அது பொய். ஆனால் எண்ணிக்கையில் மிகுந்திருப்பவை திறத்தலும் தோண்டுதலும் கட்டுப்போடுதலும் ஒளிந்து கடத்தலுமே. நிலத்தடிச் சுரங்கத்தில் எமிலும் ஒரு ஜெர்மானிய வீரனும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும்போது இருவரும் ஒருவருக்கொருவர் உதவியே வழி காண்கிறார்கள். எதிரி என்னும் சொல்லை ஒரு குழந்தை மறுபரிசீலனை செய்வதற்கு இதைவிடத் தெளிவான பாடம் அமைவது அரிது.

இன்னொரு சிறப்பும் உண்டு. மாந்தர்கள் முழு வாக்கியங்களில் உரையாடுவதில்லை. ஓரிரு சொற்களும் முணுமுணுப்பும் தலைக்கு மேல் தோன்றும் படக்குமிழிகளுமே அவர்களுடைய மொழி. பசித்தவன் தலைக்கு மேல் உணவு தெரியும். உதவி கேட்பவன் தலைக்கு மேல் அவனுக்கு வேண்டிய பொருள் தெரியும். பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் இந்த ஒரே மொழியில்தான் பேசுகிறார்கள். இதனால் எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளையும் புதிரின் தேவையைப் புரிந்துகொள்ளும். அத்தியாயங்களை இணைக்கும் கதைசொல்லியின் குரலும், இடந்தோறும் திறந்துகொள்ளும் வரலாற்றுக் குறிப்புகளும்தாம் மொழியறிவைக் கோருகின்றன. தமிழ்ப் பிள்ளைக்கு அவற்றைப் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து வாசித்துச் சொல்லவேண்டும். இதனைக் குறையாக நான் கருதவில்லை. ஒரு பெரியவரைத் திரையின் முன் உட்காரவைக்கும் காரணமாகவே கருதுகிறேன்.

இனி, கவனம் தேவைப்படும் பகுதிகளுக்கு வருகிறேன். கதையில் பேரன் ஃபான் டார்ஃப் என்றொரு ஜெர்மானியப் பிரபு வருகிறார். அன்னாவின் தந்தையான அறிவியலாளரைக் கடத்தி, போர்க்கருவிகள் செய்ய வைப்பவர் அவர். ஃபிரெடியின் மனைவி இறந்த குண்டுவீச்சுக்கும் அவரே பொறுப்பு. சித்திரக்கதை வில்லனுக்குரிய அத்தனை இலக்கணமும் பொருந்தியவர். அவரைத் துரத்துவதும் தப்புவதும் முதற்பாதியின் பெரும்பகுதியை ஆள்கின்றன. பாரிஸ் டாக்சியில் செல்லும் பகுதியில் பிராம்ஸின் ஐந்தாம் ஹங்கேரிய நடனத்தின் தாளத்திற்கேற்பக் குண்டுகளையும் தடைகளையும் விலக்கி ஓட்டவேண்டும். ஆடுவதற்கு மிக்க இன்பம் தருவது. குழந்தைகள் திரும்பத் திரும்ப ஆட விரும்புவதும் இதைத்தான்.

வரலாற்று மாணவர்கள் இங்கே சற்று நின்று யோசிக்கவேண்டும். 1914 செப்டம்பரில் ஏறத்தாழ 600 பாரிஸ் டாக்சிகள் மார்ன் போர்முனைக்கு வீரர்களை ஏற்றிச்சென்றது உண்மை. அந்த ஆண்டின் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள் பிரெஞ்சுப் படை முழுப்போரிலும் கண்ட மிகக் கொடிய உயிரிழப்புகளுள் சிலவற்றைக் கண்ட மாதங்கள் என்பதும் உண்மை. டாக்சியில் ஏறியவர்கள் சென்றடைந்த இடம் அது. இசையும் வேகமும் சேர்ந்து அந்த இரண்டாவது உண்மையைக் குழந்தையின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றன. அதைவிடப் பெரிய சிக்கல் பிரபுவின் பாத்திரம். நச்சுவாயுவும் வான்கப்பலும் பீரங்கி வண்டியும் ஒரு தீயவனின் பேராசையிலிருந்து தோன்றியவை என்று நம்பிவிட்டால், அவனைப் பிடித்துவிட்டால் போர் முடிந்துவிடும் என்றும் நம்பவேண்டிவரும். 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்ர் நகரருகே குளோரின் வாயு திறந்துவிடப்பட்டதன் பின்னே இருந்தவை ஓர் அரசின் முடிவு, தேர்ந்த வேதியியல் ஆய்வு, பெரும் தொழிற்சாலைகள், இரயில் பாதைகள், கட்டளைக்குப் பணிந்த ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்கள். அந்த வாயுத் திட்டத்தை நடத்திய ஃபிரிட்ஸ் ஹாபர், காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யும் முறையைக் கண்டமைக்காக 1918ஆம் ஆண்டிற்குரிய வேதியியல் நோபெல் பரிசைப் பெற்றவர். உலகிற்கு உரமும் உணவும் கொடுத்த அறிவே வாயுவையும் கொடுத்தது என்னும் சங்கடமான செய்திக்கு மீசை முறுக்கிய வில்லனின் கதையில் இடமில்லை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஏழெட்டு மணி நேரமும் துயரத்தையே காட்டினால் எந்தப் பிள்ளை ஆடும்? இளைப்பாற ஓர் இடம் வேண்டாமா? நாடகத்தில் விதூஷகனும் கூத்தில் கட்டியக்காரனும் செய்யும் வேலையைத்தானே இத்துரத்தல்கள் செய்கின்றன? ஒப்புக்கொள்கிறேன். கட்டியக்காரன் கூத்தை விட்டு வெளியேறவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கட்டியக்காரன் சொன்னதையே கதையென்று பிள்ளை எடுத்துக்கொள்ளாதபடி அருகில் ஒருவர் இருக்கவேண்டும் என்கிறேன். விளையாட்டும் பிற்பகுதியில் இதனை ஓரளவு உணர்ந்தே நடக்கிறது: பிரபுவை அடித்து வீழ்த்தும் வாய்ப்பைப் பெற்ற ஃபிரெடி, பழிவாங்கலால் எதுவும் மீளாது என்று கண்டு அவரைக் கொல்லாமல் விடுகிறார். பிரபு தோற்றபின்பும் போர் நிற்பதில்லை. இந்த இடத்தில் நிறுத்தி, “ஏன் நிற்கவில்லை?” என்று பிள்ளையிடம் கேட்டால், முற்பாதியின் பிழை ஒரு நல்ல உரையாடலாக மாறிவிடும்.

நான்காம் அத்தியாயத்தின் பெயர் மரச்சிலுவைகள். பெற்றோர் அஞ்சும் பகுதி இதுவே. 1917 ஏப்ரல் 16 அன்று தளபதி நிவேல் தொடங்கிய தாக்குதல்; ஷெமாங் தெ தாம் மேட்டுநிலம். 48 மணி நேரத்தில் எதிரியின் அரணை உடைத்துவிடலாம் என்பது நிவேலின் வாக்குறுதி. முதல் பத்து நாள்களில் மட்டும் பிரெஞ்சுப் படையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காயமுற்றனர் அல்லது காணாமற்போயினர். விளையாட்டில், இறப்பு உறுதியான தாக்குதலுக்கு ஓர் அதிகாரி மீண்டும் மீண்டும் வீரர்களை விரட்டுகிறார். பக்கத்திலிருப்பவர்கள் ஒவ்வொருவராக விழுகிறார்கள். எமில் தன் மண்வெட்டியால் அந்த அதிகாரியை அடிக்கிறார், அதிகாரி இறந்துபோகிறார். இராணுவ நீதிமன்றம் எமிலுக்கு மரண தண்டனை விதிக்கிறது. மகளுக்கு எழுதிய கடைசிக் கடிதம் பின்னணியில் ஒலிக்க, எமில் கம்பத்தை நோக்கி நடக்கிறார். அவரை நடக்கவைப்பவர் ஆடுபவர்தாம்.

இவ்விடத்தின் அமைப்பைக் கூர்ந்து நோக்குங்கள். புதிர் விளையாட்டு என்னும் வகையின் அடிப்படை, ஒவ்வொரு தடைக்கும் ஒரு விடை உண்டு என்பது. சிக்கினால் புறா ஒன்று குறிப்பும் கொண்டுவரும். போரைப் புதிராக்குவதே போரைப் பொய்யாக்குவது என்று இவ்வகையின் மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு. போரில் ஒருவன் பிழைப்பதும் இறப்பதும் அவனுடைய கெட்டிக்காரத்தனத்தால் நேர்வதில்லை. எங்கே குண்டு விழுந்தது என்பதால் நேர்வது. 1916 ஜூலை 1 அன்று சோம் ஆற்றங்கரையில் ஒரே நாளில் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் புதிரைத் தவறாக அவிழ்த்தவர்கள் அல்லர். குற்றச்சாட்டு வலுவானது. ஆனால் எமிலின் கடைசி நடையில் புதிர் இல்லை. தோண்ட மண் இல்லை, இழுக்க நெம்புகோல் இல்லை. முன்னே செல்வதைத் தவிர வேறெதுவும் செய்ய இயலாது. ஏழு மணி நேரமாக “ஏதாவது வழி இருக்கும்” என்று பழகிய கை, இங்கே வழியில்லாமையை உணர்கிறது. விடையுள்ள புதிர்களை இத்தனை நேரம் கொடுத்ததால்தான் விடையில்லாத இந்த ஒன்று நெஞ்சில் தைக்கிறது.

கோடை விடுமுறையில் தில்லிக்கு வந்திருந்த என் அண்ணன் மகள் இதனை ஆடி முடித்தாள். வயது பன்னிரண்டு. அவள் அழவில்லை. சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அத்தை, எமில் நல்லவர்தானே? எதிரி சுட்டா புரியுது. அவரோட ஆளுங்களே ஏன் சுட்டாங்க?” என்று கேட்டாள். உடனே ஒரு விடையும் என்னிடம் இல்லை. எமில் குற்றமற்றவர் அல்லர். ஒரு மனிதரைக் கொன்றிருக்கிறார். அந்த அதிகாரியும் மேலிடத்துக் கட்டளையை நிறைவேற்றியவரே. அவ்வதிகாரி நூறு பேரைச் சாவுக்கு அனுப்பியது கடமையாகவும், எமில் ஒருவரைக் கொன்றது கொலையாகவும் எழுதப்படுவது ஏன்? பன்னிரண்டு வயதில் இக்கேள்வியைக் கேட்டவள், இனி எந்தப் போரைப் பற்றிய செய்தியையும் முன்போல் படிக்கமாட்டாள் என்றே நினைக்கிறேன்.

அன்று மாலை அவளிடம் சொன்னவை இவை. நிவேல் தாக்குதலுக்குப் பிறகு பிரெஞ்சு வீரர்களிடையே எழுந்த கீழ்ப்படியாமை, அப்படையின் டிவிஷன்களில் ஏறத்தாழ பாதியைத் தொட்டது. அவர்களிற் பெரும்பாலோர் ஓடிப்போகவில்லை. எதிரியைத் தடுத்து நிற்போம், பயனற்ற தாக்குதலுக்கு மட்டும் செல்லமாட்டோம் என்றார்கள். நிவேல் நீக்கப்பட்டு, பெத்தான் பொறுப்பேற்றார். 500க்கும் மேற்பட்ட மரண தண்டனைகள் விதிக்கப்பட்டன; பெரும்பாலானவை நிறைவேற்றப்படவில்லை. போர் முழுவதிலுமாகப் பிரான்ஸ் தன் சொந்த வீரர்களில் சுமார் 600 பேரை ஒழுங்குமீறலுக்காகச் சுட்டது. பிரிட்டன் தன் படையில் அவ்வாறு சுடப்பட்ட 306 பேருக்கு 2006இல் சட்டத்தின் மூலம் மன்னிப்பு வழங்கியது. அதற்கு ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆயின.

“நம்ம ஊர்க்காரங்க இருந்தாங்களா?” என்பது அவளுடைய அடுத்த கேள்வி. இவ்விளையாட்டு நம்மைப் போன்றோரிடம் ஒப்படைத்துச் செல்லும் வேலை இங்கேதான் தொடங்குகிறது. பிரெஞ்சு மொழியில் இவ்விளையாட்டின் பெயருக்குப் ‘பெயரறியா வீரர்கள்’ என்று பொருள். ஆங்கிலத்தில்தான் அது ‘வீர நெஞ்சங்கள்’ ஆயிற்று. ஆனால் முதன்மை மாந்தர் நால்வரும் ஐரோப்பியரும் அமெரிக்கருமே. 2023இல் வெளிவந்த இரண்டாம் பாகமான ‘கமிங் ஹோம்’, ஹார்லெம் ஹெல்ஃபைட்டர்ஸ் எனப்பட்ட ஆப்பிரிக்க-அமெரிக்கப் படைப்பிரிவைக் கதைக்குள் கொண்டுவந்தது வரவேற்கத்தக்கது. நம் வீரர்களின் கதையை முதன்மையாக வைத்து எழுத இன்னும் இடம் இருக்கிறது.

இந்தியாவிலிருந்து அப்போரில் பணியாற்ற அயல்நாடுகளுக்குச் சென்றோர், போர்வீரரும் பணியாளருமாக, 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர். இறந்தோர் ஏறத்தாழ 74,000. 1914 செப்டம்பர் இறுதியில் மார்செய் துறைமுகத்தில் இறங்கியவர்கள், அடுத்த மாதமே பெல்ஜியக் குளிரில் பதுங்குகுழிகளில் இருந்தார்கள். 1915 மார்ச் 10 முதல் 13 வரை நடந்த நியூவ் ஷப்பெல் தாக்குதலில் முன்னேறிய படையில் ஏறத்தாழ பாதி இந்தியர். கட்வால் மலைப்பகுதியின் கப்பர் சிங் நேகி அங்கேதான் இறந்து, மறைவுக்குப்பின் விக்டோரியா சிலுவை பெற்றார். 1927இல் அங்கே திறக்கப்பட்ட நினைவிடத்தில் புதைகுழி அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் உள்ளன. ஈப்ரில் முதல் வாயுத் தாக்குதல் நடந்த நான்கே நாளில், லாகூர் டிவிஷன் அப்போர்முனையில் எதிர்த்தாக்குதலுக்கு அனுப்பப்பட்டது. அவர்களும் வாயுவைச் சுவாசித்தார்கள்.

கடிதங்களும் உண்டு. அவற்றிற் பல, எழுதத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி எழுதுவிக்கப்பட்டவை. இந்திய வீரர்களின் அஞ்சலைப் படித்துப் பார்க்கத் தனித் தணிக்கை அலுவலகமே பிரான்சில் இயங்கியது. தணிக்கையாளர் தம் அறிக்கைக்காக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தெடுத்த பகுதிகள் இன்று லண்டனின் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. டேவிட் ஓமிசி 1999இல் அவற்றிலிருந்து ஒரு தொகுப்பை வெளியிட்டார். தணிக்கையைத் தாண்டிச் செய்தி சொல்ல, இந்திய வீரர்களைக் கருமிளகு என்றும் வெள்ளை வீரர்களைச் செம்மிளகு என்றும் குறியாக எழுதியவர்கள் உண்டு. எமிலின் கடிதத்தை மரி படித்தார். நம் வீரர்களின் கடிதத்தை அவர்களுடைய வீட்டாருக்கு முன் தணிக்கையாளர் படித்தார். இன்று நாம் படிப்பதும் பெரும்பாலும் தணிக்கையாளரின் ஆங்கிலத்தையே.

“அவங்க ஆளுங்களே ஏன் சுட்டாங்க” என்னும் கேள்விக்கும் நம் பக்கத்தில் ஒரு நிகழ்வு உண்டு. 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் இந்தியப் படைப்பிரிவான ஐந்தாம் இலகு காலாட்படை கலகம் செய்தது. அடக்கப்பட்டபின் 47 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஊட்ராம் சிறைச் சுவரின் முன்னே, பொதுமக்கள் திரண்டு பார்க்க, அவை நிறைவேற்றப்பட்டன. கலகத்தில் பொதுமக்களும் இறந்தார்கள். ஆகவே இதுவும் எளிதில் தீர்ப்புச் சொல்லத்தக்க கதை அன்று. எமிலின் கதையைக் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு இதனையும் சொல்லலாம். சொல்லாமல் விட்டால், முதல் உலகப்போர் ஐரோப்பியரின் துயரம் என்றும், நாம் அதனைத் திரையில் பார்ப்பவர்கள் என்றும் அவர்கள் எண்ணிக்கொள்வார்கள். நம் பள்ளிப் பாடநூல்களில் அப்போர் பெரும்பாலும் விலையேற்றத்திற்கும் கட்டாய ஆள்சேர்ப்புக்கும் ரௌலட் சட்டத்திற்கும் முன்னுரையாக வந்து மறைந்துவிடுகிறது. அங்கே போய் இறந்தவன் என்ன எண்ணினான் என்பதற்கு அங்கே இடமில்லை.

ஆகவே கேட்பவர்களுக்கு என் விடை இதுதான். பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு இவ்விளையாட்டை ஆடலாம். அவர்களிடம் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குச் செல்லவேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும். வரலாற்றுக் குறிப்புகளைத் திறக்கும்படி விளையாட்டு கட்டாயப்படுத்துவதில்லை; நீங்கள் திறந்து, தமிழில் சொல்லுங்கள். பிரபுவைத் துரத்தும் பகுதி முடிந்ததும் அவரைப் பற்றிப் பேசுங்கள். கடைசி அத்தியாயத்தை உறங்கப்போகும் நேரத்தில் ஆடவேண்டாம். மாலையில் ஆடினால் பேச நேரம் இருக்கும். மென்மனமுடைய பிள்ளை நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். கதை எங்கும் போய்விடாது. ஆனால் முடிவை மட்டும் தவிர்த்து, சிரிக்கவைக்கும் பகுதிகளை மட்டும் ஆடவிடாதீர்கள். அது பிள்ளைக்குப் பாதுகாப்புப்போல் தோன்றும். உண்மையில் போர் ஒரு குதூகலமான துரத்தல் என்று கற்பிப்பதாகும்.

ஆய்வு நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். விளையாட்டுகளைப் பற்றிக் கேட்டால், “நாங்கள் ஆவணம் படிப்பவர்கள்” என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். ஓர் ஆய்வேட்டை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். கடிதங்களிலிருந்து ஒரு விளையாட்டைச் செய்யமுடியும் என்று மோன்பெல்லியேயில் சிலர் காட்டியிருக்கிறார்கள். நம்மிடமும் கடிதங்கள் இருக்கின்றன. படம் வரைபவர்களும் நிரல் எழுதுபவர்களும் இதே வளாகங்களில் இருக்கிறார்கள். முதற்கட்டமாக, தணிக்கை அறிக்கைகளிலுள்ள கடிதப் பகுதிகளைப் பள்ளிப் பிள்ளைகள் வாசிக்கத்தக்க தமிழில் கொண்டுவரும் பணியில் ஈடுபட விருப்பமுள்ளவர்கள் கருத்துப் பகுதியில் தெரிவியுங்கள். பஞ்சாபி, உருது, இந்தி அறிந்தவர்கள் இருந்தால் மிக நன்று; ஆங்கில மொழிபெயர்ப்பின் பின்னே மறைந்திருக்கும் சொல்லை ஊகிக்க அவர்கள் உதவக்கூடும். நூற்றாண்டு கடந்துவிட்டது, அவை இன்னும் ஆவணக் காப்பகத்திலேயே கிடப்பது நமக்கு அழகன்று.